கியர் ஒயிலும் கூலண்டும்: மெசினால் கழுவுவதா, நட்டைக் கழற்றி வடிப்பதா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பில் 19 வருடமாக கராஜ் நடத்துகிறேன். ஆறு வருடத்துக்கு முன் கடன்பட்டு ஒரு பிளஷ் மெசின் வாங்கினேன். முதல் வருடம் அது ஓய்வில்லாமல் ஓடியது. இப்போது வருடத்துக்கு ஏழெட்டு முறைதான் வேலை. மற்ற நாளெல்லாம் அதன் தலையில் எங்கள் தேத்தண்ணிப் போத்தல் இருக்கும். ஏன் அப்படி ஆனது என்று கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை வந்தவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, வடிக்கிறது எண்டா என்ன, பிளஷ் எண்டா என்ன? ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. வடிப்பது என்றால் அடியில் இருக்கும் நட்டைக் கழற்றிவிட்டு, தானாக வருவதை வாளியில் பிடித்து, அதே அளவு புதிதாக ஊற்றுவது. பிளஷ் என்றால் ஒட்டோ கியர் ஒயில் குளிரப் போய்வரும் குழாயைக் கழற்றி மெசினில் மாட்டுவது. எஞ்சினை ஓடவிட்டால் பழையது ஒரு பக்கம் வெளியே வரும். வந்த அளவுக்கு மெசின் மறுபக்கத்தால் புதியதைத் தள்ளும். எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஓடும் கூலண்டுக்கும் ஏறத்தாழ இதே வழிதான். அங்கே ரேடியேட்டர் ஹோஸில் மாட்டுவோம்.

நட்டைக் கழட்டினா எல்லா ஒயிலும் வந்திடும்தானே?

வராது. டோர்க் கொன்வேர்டர் என்று ஒரு பெரிய சட்டி எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குள் இருப்பது இறங்காது. குழாய்களிலும் வால்வுப் பலகையிலும் நிற்பதும் இறங்காது. மொத்தம் ஆறரை லீட்டர் பிடிக்கிற ஒரு சாதாரண டொயோட்டா கியர் பெட்டியில் நட்டைக் கழற்றினால் இரண்டரை, மிஞ்சினால் மூன்று லீட்டர் வரும்.

இரண்டரை லீட்டர் என்றே வைத்துக் கணக்குப் பார்ப்போம். முதல் தடவை மாற்றினால் உள்ளே 38 சதவீதம் புதியது. கொஞ்சம் ஓடிவிட்டு இரண்டாம் தடவை மாற்றினால் 62. மூன்றாம் தடவை 77. மொத்தச் செலவு ஏழரை லீட்டர். மெசினால் செய்தால் ஒரே இருப்பில் தொண்ணூறுக்கு மேல் போகலாம், ஆனால் அதற்கு 10 முதல் 12 லீட்டர் ஒயில் வேண்டும். கடைசியில் வெளியே போவதில் பாதி உங்கள் காசு போட்டு வாங்கிய புது ஒயில்.

அப்ப மெசின்தானே நல்லம்? முழுசா மாறுதே.

ஒயில் மட்டும்தான் முழுதாக மாறுகிறது. கியர்பொக்ஸின் அடிச் சட்டியைக் கழற்றாமல் வேலை முடிவதால் பில்டர் அப்படியே கிடக்கும், அங்கிருக்கும் காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளும் அப்படியே கிடக்கும். வீட்டைக் கூட்டிவிட்டுக் குப்பைக் கூடையைக் கொட்டாமல் விட்ட மாதிரி. சட்டியை இறக்கி, காந்தத்தைத் துடைத்து, பில்டர் மாற்றி, புதுக் கஸ்கட் போட்டு, பிறகு மெசின் போட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அத்தனையும் செய்து தருகிற இடம் குறைவு, ஏனென்றால் அதில் நேரம் போகிறது. மெசின் வேலை முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

மெசினிலும் இரண்டு சாதி இருக்கிறது. கியர்பொக்ஸின் பம்பே ஒயிலைத் தள்ள, வருகிற அளவுக்கு மட்டும் ஊற்றுவது ஒன்று. அதில் பெரிய ஆபத்தில்லை. சொந்தப் பம்பால் அமுக்கித் தள்ளுவது, அதிலும் எதிர்ப்பக்கமாகத் தள்ளுவது மற்றது. அடங்கிக் கிடந்த தூசை அது எழுப்பி சொலனோயிட்டின் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) சின்ன ஓட்டைக்குள் கொண்டுபோய் வைக்கும். கழுவும் மருந்து ஒன்றையும் சேர்த்து ஊற்றச் சொல்வார்கள். அது வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹொண்டா கம்பனி வெளி மெசின்களே வேண்டாம், வடித்து ஊற்றி ஓட்டி மறுபடி வடியுங்கள் என்றுதான் தன் மெக்கானிக்குகளுக்குச் சொல்லியிருக்கிறது.

ஒரு லட்சத்தி அம்பதாயிரம் ஓடிட்டு, ஒருக்காலும் கியர் ஒயில் மாத்தல்ல. இப்ப மாத்தினா பெட்டி போயிடுமாமே?

இதுதான் மாதத்தில் பத்துப் பேர் கேட்கும் கேள்வி. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் எல்லோரும் இருந்ததையே ஓட்டினோம். பழைய ஒயிலோடு ஓடும் பெட்டி ஊரில் நிறைய உண்டு.

பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தேய்ந்த கிளச் தட்டின் தூள் பழைய ஒயிலில் மிதந்துகொண்டு ஓரளவு பிடிப்பைக் கொடுக்கும். புது ஒயிலில் அழுக்கைக் கரைக்கும் சரக்கு கூட. திடீரென்று முழுதையும் மாற்றினால் தட்டு வழுக்கலாம், கரைந்த அழுக்கு போய் வேறெங்கோ அடைக்கலாம். ஆனால் கதையின் மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. பத்து வருடம் திரும்பிப் பார்க்காதவர் எப்போது ஒயில் மாற்ற வருகிறார்? கார் உதைக்கத் தொடங்கிய பிறகு. சாகக் கிடந்தவருக்குக் கடைசியாகக் கஞ்சி கொடுத்தவன் மேல் பழி விழுகிற கதைதான் இது.

நான் செய்வது இப்படி: முதலில் அரைக் கோப்பை ஒயில் மட்டும் வெள்ளைக் கிண்ணத்தில் எடுப்பேன். கபிலம், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் அடி தெரிகிறது என்றால் பிரச்சினை இல்லை. கறுத்து, கருகிய மணம் வந்தால் சட்டியை இறக்குவேன். காந்தத்தில் சாம்பல் நிறக் களி இருக்கும். விரலால் வழித்தால் கண்மை மாதிரி வழுவழுவென்று வரும். அது தேய்மானம், எல்லாப் பெட்டியிலும் இருப்பதுதான். விரலில் குத்துகிற சில்லு வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. ஒயில் மாற்றி அதைச் சுகப்படுத்த முடியாது, அந்தக் காசைப் பெட்டி திறக்க வைத்துக்கொள்ளுங்கள். களி மட்டும் என்றால் ஒரு தடவை வடித்து ஊற்றுவோம். 1,000 கி.மீ. ஓடிவிட்டு வாருங்கள், இரண்டாவது. மறுகா இன்னொரு 1,000, மூன்றாவது. இந்த மாதிரிப் பெட்டிக்கு நான் மெசின் மாட்டுவதே இல்லை.

கம்பனிக்காரன் 'வாழ்நாள் ஒயில்' எண்டு போட்டிருக்கான். நீங்க ஏன் மாத்தச் சொல்றீங்க?

யாருடைய வாழ்நாள் என்று அவர்கள் எழுதுவதில்லை. வெயிலிலும் நெரிசலிலும் ஓடும் ஒட்டோ பெட்டிக்கு என் கணக்கு 40,000 கி.மீ.க்கு ஒரு வடிப்பு. அப்படி ஒழுங்காகச் செய்பவருக்கு மேலே சொன்ன பயம் எதுவும் வராது, மெசினும் தேவைப்படாது.

எல்லா ஒட்டோவுக்கும் பொதுவான ஒயில் எண்டு கடையில தந்தான். ஊத்தலாமா?

எப்படி மாற்றுவது என்று அரை மணித்தியாலம் வாதாடிவிட்டு, எதை ஊற்றுவது என்பதில் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கெட்ட முறையில் ஊற்றிய சரியான ஒயிலை மறுபடி வடித்துத் திருத்தலாம். நல்ல முறையில் ஊற்றிய பிழையான ஒயில் பெட்டியைத் தின்றுவிடும். அதிலும் படிப்படியான கியர் இல்லாத ஒட்டோவான சீவிடி பெட்டியில் இரும்புப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே வழுக்காமல் ஓட வேண்டும். அதற்கு சீவிடி ஒயில்தான். சாதாரண ஒட்டோ ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும்.

டொயோட்டாவின் சாதாரண ஒட்டோவில் பழையதுக்கு டி-4, பிந்தியதுக்கு டபிள்யூ.எஸ்.; அதன் சீவிடிக்கு டி.சி. அல்லது எப்.ஈ. நிசான் சீவிடிக்கு என்.எஸ்.-2, என்.எஸ்.-3. ஹொண்டா சீவிடிக்கு எச்.எம்.எம்.எப். அல்லது எச்.சி.எப்.-2, மாடலைப் பொறுத்தது. பழைய காரென்றால் ஒயில் பார்க்கும் கம்பியிலேயே பெயர் அடித்திருக்கும். லூஸ் ஒயில் வாங்கவே வேண்டாம்.

என்ட ஆக்குவாவுக்கும் மெசின் போடணுமா?

டொயோட்டாவின் ஹைபிரிட் கார்களான ஆக்குவா, பிரியஸ் இரண்டிலும் டோர்க் கொன்வேர்டர் கிடையாது. நட்டைக் கழற்றினால் ஏறத்தாழ முழுவதும், மூன்று லீட்டர் சொச்சம், தானாக இறங்கிவிடும். புதியதை மேல் நட்டின் விளிம்பால் வழியும்வரை ஊற்றினால் முடிந்தது. மெசின் போடச் சொல்பவர் ஒன்று காரைத் தெரியாதவர், இல்லை உங்களைத் தெரிந்தவர். மனுவல் கியரும் இப்படித்தான், ஒரே வடிப்பில் முடியும்.

ஹொண்டாவின் முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டும் பிட் ஜீபி-5ம் வேறு வகை. இரட்டை கிளச் பெட்டி, அதன் கிளச் ஒயிலில் நனையாத காய்ந்த வகை. இந்தப் பக்கத்தில் உள்ள மெசின் கதை எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆட்கள் அழுதுகொண்டு வந்த விஷயம்: எந்தப் பெட்டியிலும் ஊற்றுகிற நட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் நிற்க, அடி நட்டைக் கழற்றி ஒயிலை வடித்துவிட்டால் காரை நகர்த்தவும் முடியாது, ஒயில் ஊற்றவும் முடியாது.

அளவு பாக்கிற கம்பியே இல்ல. எவ்வளவு ஊத்துறதெண்டு எப்படித் தெரியும்?

வந்ததை அள. அளவுக் குவளையில் 2.6 லீட்டர் என்றால் 2.6 ஊற்று. பொடியன்மாருக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது. கூடினால் ஒயில் நுரைத்துப் போகும், நுரைக்கு அமுக்கம் தாங்காது. அப்புறம் ஒயில் குறைந்த கார் மாதிரியே உதைக்கும்.

பிறகு சரிபார்க்க அடியில் ஒரு வழிவு நட்டு இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் 35 முதல் 45 பாகைக்குள் இருக்கும்போது அதைத் திறந்து, மெல்லிய நூலாக வடிந்து நிற்கும்வரை பார்க்க வேண்டும். நமது ஊரில் சித்திரை மாதம் மத்தியானம் காரை நிழலில் விட்டாலே ஒயில் 35ஐத் தொட்டுவிடும். ஸ்டார்ட் பண்ணி கியரை மாற்றி மாற்றிப் போட்டு முடிய 45ஐத் தாண்டிவிடும். சூடான ஒயில் விரிந்து நிற்பதால் தேவைக்கு மேல் வழியும். மூடிவிட்டு அனுப்பினால் அடுத்த நாள் குறைவு. அதனால் இந்த வேலைக்கு வருபவர்களை நான் விடிய ஏழு மணிக்கு, வீட்டில் இரவு நின்ற காரோடு வரச் சொல்வது. கோபிப்பார்கள், பரவாயில்லை.

இஞ்ச என்ன பனியா கொட்டுது? கூலண்ட் ஏன், தண்ணியே காணுமே?

கூலண்ட் பனிக்கு மட்டும் இல்லை. திறந்த பானையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் 107 வரை தாங்கும். ரேடியேட்டரின் அமுக்க மூடியும் சேர்ந்தால் 125ஐத் தாண்டும். மகியங்கனையில் இருந்து கண்டிக்கு 18 வளைவு ஏறும்போது அந்த இடைவெளிதான் உங்களைக் காப்பாற்றுகிறது. மற்றது துரு. எஞ்சினின் அலுமினியத் தலையும் பம்பும் அரிக்காமல் இருக்க அதில் மருந்து இருக்கிறது. உண்மையைச் சொன்னால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போவதில் தண்ணீர் கூலண்டைவிடக் கெட்டிக்காரன். அதனால் நிறையப் போட்டால் நிறைய நல்லது என்று முழுக் கூலண்டை ஊற்றுவதும் பிழை.

எங்கட வாப்பா லொறிக்கு முப்பது வருஷமா கிணத்துத் தண்ணிதான் ஊத்தினவர். ஒண்டும் நடக்கல்லயே, காக்கா?

அந்த லொறியின் எஞ்சின் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் பித்தளை, அடைத்தால் திறந்து கம்பி விட்டுக் குத்தித் திரும்ப ஈயம் வைப்பார்கள். உங்கள் காரில் இருப்பது மெல்லிய அலுமினியமும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று நடுவில் கிடக்கும் காத்தான்குடி, ஆரையம்பதி மணலில் எத்தனையோ கிணறு உவர். தேத்தண்ணிக் கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படைதான் உங்கள் ரேடியேட்டருக்குள்ளும் படியும். உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

கடையில் விற்கும் பெற்றரித் தண்ணியை (உப்பு நீக்கிய தண்ணி) வாங்குங்கள். தண்ணி என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்திலேயே அசிட் போத்தலும் இருக்கும். ஏசியில் சொட்டுவதைப் பிடித்து ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். உவர்த் தண்ணிக்கு அது எவ்வளவோ மேல், ஆனால் தூசும் பாசியும் சேர்ந்து வரும். போத்தல் தண்ணிக்கு அப்படி ஒன்றும் பெரிய விலை இல்லை.

கூலண்டுக்காவது மெசின் நல்லமா?

மெசினின் தொட்டியை எதனால் நிரப்புகிறார்கள் என்று முதலில் பாருங்கள். நான் கண்ட இடங்களில் எல்லாம் கிணற்று மோட்டர் ஹோஸ்தான். மேலே சொன்ன உவர்த் தண்ணியை அமுக்கி எஞ்சின் முழுக்க அனுப்பி, அதில் பாதியை உள்ளே விட்டுவிட்டு மேலே கூலண்ட் ஊற்றுகிறார்கள். பத்து வருடப் பிளாஸ்டிக் தொட்டியும் ஹீட்டரும் அந்த அமுக்கத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

ஐந்து லீட்டர் பிடிக்கிற காரில் ரேடியேட்டர் குழாயைத் திறந்தால் பாதி வரும். பெற்றரித் தண்ணியை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தேர்மோஸ்டாட் திறக்கும்வரை (82 பாகை அளவில்) ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். நாலு சுற்றில் பழையது ஆறு சதவீதம்தான் மிஞ்சும். சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம், முகம் வெந்துபோகும்.

கடைசிச் சுற்றில்தான் பலர் பிழை விடுகிறார்கள். எஞ்சினுக்குள் இப்போது இரண்டரை லீட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் பாதித் தண்ணி கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் உள்ளே கூலண்ட் கால் பங்குதான். கலக்காத கூலண்டை இரண்டரை லீட்டர் ஊற்ற வேண்டும். அல்லது எஞ்சின் புளொக்கில் இருக்கும் வடி நட்டையும் கழற்றி எல்லாத் தண்ணியையும் இறக்கிவிட்டு, கலந்ததை ஊற்றலாம்.

பச்சைக்கு மேல சிவப்பு ஊத்தலாமா?

நிறம் வெறும் சாயம். எந்தக் கம்பனியும் எந்த நிறமும் போடலாம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் மருந்து எந்த வகை என்பதை. வகை மாறிக் கலந்தால் உடனே ஒன்றும் வெடிக்காது, ஆனால் ஒன்றின் மருந்து மற்றதைக் கெடுக்கும், சிலவேளை களியும் கட்டும். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாவிட்டால் நாலு சுற்று வடித்துவிட்டு ஒன்றிலேயே நில்லுங்கள். டொயோட்டா சிவப்புக்கு இரண்டு வருடம் அல்லது 40,000 கி.மீ.; ரோஸ் நிறம் அதைவிட நெடுநாள் நிற்கும்.

கூலண்ட் மாத்தினதுக்குப் பிறகுதான் கார் சூடாகுது. ஏன்?

பெரும்பாலும் உள்ளே காற்று. இதில் என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆக்குவா ஒன்றுக்குக் கூலண்ட் மாற்றினேன். ஹைபிரிட்டில் எஞ்சினுக்கு ஒரு வட்டம், இன்வேர்ட்டருக்கு (மின் மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) தனியாக ஒரு வட்டம். எஞ்சின் பக்கத்தைப் பொறுமையாகக் காற்றெடுத்தேன். இன்வேர்ட்டர் பக்கம் குப்பி நிரம்பியிருந்ததைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். சனிக்கிழமை காலை குடும்பத்தோடு கண்டிக்குப் போனவர் 18 வளைவின் பாதியில் இருந்து கோல் எடுத்தார்: சிவப்பு விளக்கு, கார் ஏற மாட்டேன் என்கிறது.

நான் வான் பிடித்துப் போனேன். குப்பி காய்ந்து கிடந்தது. உள்ளே நின்ற காற்று மேலே வர, கூலண்ட் கீழே இறங்கிவிட்டது. அரைப் போத்தல் ஊற்றி, பம்பை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை நின்றோம். அவருடைய மகள் எனக்கு மாரி பிஸ்கட் தந்தாள். அன்றிலிருந்து ஹைபிரிட்டுக்கு இரண்டு வட்டமும் காற்றெடுத்து, ஒரு இரவு நிற்கவிட்டு, காலையில் மட்டம் பார்த்துத்தான் சாவி கொடுக்கிறேன். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் எந்த ஒயிலும் எந்தக் கூலண்டும் மாற்றக் கொண்டுவராதீர்கள். ஒரு கிழமைக்கு முன் வாருங்கள்.

மாரி வெள்ளத்துக்குள்ளால ஓடிட்டன். கியர் ஒயில் மாத்தணுமா?

சில்லின் பாதிக்கு மேல் தண்ணி நின்றதென்றால் பார்க்கத்தான் வேண்டும். கியர்பொக்ஸ் மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. சூடான பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கினால் அதன் வழியாகத் தண்ணியை உறிஞ்சும். கொஞ்சம் வடித்துப் பாருங்கள். கலங்கி வெளுத்திருந்தால் காரை ஓட்டிக்கொண்டு வராமல் கட்டி இழுத்து வாருங்கள். இந்த இடத்தில் 1,000 கி.மீ. இடைவெளிக் கணக்கு பொருந்தாது. ஒரே நாளில் மூன்று தடவை வடிப்போம், அல்லது தேத்தண்ணிப் போத்தலை இறக்கிவைத்துவிட்டு மெசினை எடுப்பேன்.

ரேடியேட்டர் மூடியத் திறந்தா பால்த் தேத்தண்ணி மாதிரி கிடக்கு. கழுவினா சரியா?

கழுவ முதல் எஞ்சினை நிப்பாட்டுங்கள். பல ஒட்டோ கார்களில் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் அடித் தொட்டிக்குள்தான் போகிறது. அது உள்ளுக்குள் வெடித்தால் ஒயில் கூலண்டுக்கும் கூலண்ட் ஒயிலுக்கும் போகும். எஞ்சின் ஒயிலும் வெளுத்திருந்தால் அது எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கஸ்கட் போனது, வேறு வழக்கு. கியர் ஒயில் வெளுத்திருந்தால் அவசரம்: கூலண்ட் கிளச் தட்டின் பசையைக் கழற்றிவிடும்.

ரேடியேட்டரை மாற்றாமல் கழுவுவதில் பிரயோசனம் இல்லை. மாற்றிய பிறகு கியர் பக்கம் மெசினால் முழுவதையும் தள்ள வேண்டும், அதுவும் ஒரு தடவையில் நிற்காது. கொன்வேர்டருக்குள் போன கூலண்டை வடித்து எடுக்க முடியாது. வருடத்துக்கு ஏழெட்டு முறை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதில் பாதி இந்த வழக்குத்தான். உடனே நிப்பாட்டியவர்களின் பெட்டிகள் பல தப்பின. செங்கலடியில் கண்டுவிட்டு ‘வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்’ என்று களுவாஞ்சிக்குடி வரை ஓட்டிய ஒருவருக்குப் பெட்டியே மாற்ற வேண்டி வந்தது.

பழசை நானே வடிச்சிட்டன். எங்க ஊத்துறது?

பழைய ஒயிலை வடிகானில் ஊற்றினால் அது வாவிக்குத்தான் போகும். மூடியுள்ள போத்தலில் பிடித்துக் கராஜுக்குக் கொண்டுவாருங்கள், சேர்த்து எடுத்துப்போக ஆள் வருவார்கள். வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூசப் போகிறேன் என்பவர்களும் உண்டு. கிணற்றுப் பக்க வேலிக்கு மட்டும் வேண்டாம். கூலண்ட் அதைவிட மோசம். அது இனிக்கும். வாளியில் திறந்து வைத்தால் நாயும் குடிக்கும், தெருவில் திரியும் மாடும் குடிக்கும், குடித்தால் சிறுநீரகம் போய்ச் சாகும். வடித்த கையோடு போத்தலில் ஊற்றி இறுக்கி மூடி, பொடியன்மார் குளிர்பானம் என்று நினைக்காத மாதிரி மேலே பெயர் எழுதி வையுங்கள்.